டப்பாவுக்குள் இருந்த ராணி ரூபாய்

எனக்கு எழுத்து நேர்கோட்டில் வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நான் எழுதினதெல்லாம் மளிகைச் சாமான் பேர்கள்தான். எங்கே வாக்கியத்தை முடிப்பது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போவேன். மறதியும் ஜாஸ்தியாகிவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே வைத்துவிட்டேனென்றால் கோபித்துக்கொள்ளாமல் நீங்களே மாற்றி வைத்துப் படியுங்கள். ஆள் முகம் பார்த்துப் பேசுவதென்றால் இந்த வயசிலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதத்துக்கு முகம் இல்லை, அதனால் இவ்வளவாவது வருகிறது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லாவில் ரோட்டுக்கு ரோடு மரத்தை வெட்டிப் போட்ட வருஷம் அது. எங்கள் வீடு கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற ரோட்டின் மேலேயே, கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்தது. ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கப் போனால் எதிரே நின்ற புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. டவுன் பஸ் நின்றது. பால்காரர் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டினார். ஊரே கூடி நின்று நியாயம் பேசிக்கொண்டிருக்க, என் மாமியார் மட்டும் முறத்தோடு போய்ப் பிஞ்சுப் புளி பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது என் கையில் ரெண்டு கிடா விற்ற பணம் இருந்தது. குட்டியிலிருந்து நான் வளர்த்த கிடாக்கள், அதனால் பணமும் என்னுடையது என்று வீட்டில் வாயளவில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதை மிளகாய்ப் பானைக்குள் வைத்திருந்தேன். யாரும் சும்மா கை விடுகிற இடமில்லை அது. அந்தப் பணத்தை என்ன செய்வதென்பதுதான் எனக்கு அந்த மாசம் முழுக்க யோசனை. கம்மல் வாங்கலாம். ஆனால் எங்கள் கிணற்று மோட்டாருக்கும் என் காதுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பி, காயில் என்பார்கள், அது எரிந்தால் என் காதில் கம்மல் இருக்காது. கள்ளக்குறிச்சி அடகுக்கடைக்குப் போய்விடும். அப்படியே சங்கிலியும் போயிற்று, கொலுசும் போயிற்று. கரும்பு வெட்டினதும் மீட்டுத் தருகிறேன் என்பார் என் வீட்டுக்காரர். கரும்பு வெட்டுவோம். மோட்டார் மறுபடி எரியும்.

மரம் விழுந்த அன்று மத்தியானம் காசுக்காரர் வந்தார். சேலத்துப் பக்கத்து ஆள், ஒல்லியாக, வெள்ளைச் சட்டையும் ரெக்சின் பையுமாக இருந்தார். வயசு அறுபது இருக்கும். பழைய காசு வாங்கி விற்பது அவர் தொழில். கல்வராயன் மலைக்கு ஏறி கரியாலூர்ப் பக்கம் வீடு வீடாகக் கேட்டுவிட்டு, ஜீப்பில் கீழே இறங்கி, பஸ் இல்லாமல் நடந்தே வந்து எங்கள் மரத்தைப் பார்த்ததும் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க போறீங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"சேலமுங்க. இது ஒரு மரந்தானுங்களா, இன்னும் இருக்குதுங்களா?"

"கள்ளக்குறிச்சி வரைக்கும் வரிசையா கீதுங்க. அப்பால சின்னசேலம் ரோட்டுல எண்ணுறதுக்கு ஆள் பத்தாது. வாங்க, வந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

அப்படித்தான் அவர் எங்கள் வீட்டில் தங்கினார். மாட்டுக்கொட்டகைக்கு எதிரே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்தோம். மலையில் என்ன கிடைத்தது என்று கேட்டதற்குப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே வெள்ளி ரூபாய்கள் பளபளவென்று, அப்போதுதான் அடித்துக் கொண்டுவந்த மாதிரி. அவர் முகம் மட்டும் இழவு வீட்டு முகமாக இருந்தது.

"பாருங்க, எல்லாம் போச்சு," என்றார். "போன தடவ போயி, பழைய ராஜா ரூபா, ராணி ரூபா இருந்தா எடுத்து வைங்க, அடுத்த மாசம் வரேன்னு சொல்லிட்டு வந்தனுங்க. வர்ற ஆளுக்கு அழுக்கு ரூபாயக் குடுக்கக் கூடாதுன்னு வூட்டுக்கு வூடு புளி போட்டு, சாம்பல் போட்டு வெளக்கி, துணியில தொடச்சி வெச்சிருக்கறாங்க. ஒரு அம்மா எலுமிச்சம்பழம் வேற போட்டிருக்குது. அவங்க மரியாதைக்கு நான் என்னத்தச் சொல்றதுங்க? தேச்ச காசுக்கு வெள்ளி வெலதான்."

"பளபளன்னு கீதே, அதுக்குத்தான ஜாஸ்தி தரணும்?" என்றார்கள் மாமியார்.

அதற்குப் பதிலாக அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். உள்ளங்கை அளவுக்கு, கண்ணாடி மாதிரி தெரிகிற கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஒரே ஒரு ராணி ரூபாய், வெள்ளைக்காரர் காலத்தில் ராணி தலை போட்டு அடித்த வெள்ளி ரூபாய். மேலே இங்கிலீஷில் அச்சடித்த சின்னச் சீட்டு. மலையில் ஆட்களுக்கு மாதிரி காட்டுவதற்காகக் கொண்டுபோனதாம்.

நான் கொட்டகையில் சாணம் வாரிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே பார்த்தேன். ரூபாயின் ஓரமெல்லாம் நீலம். அதை ஒட்டி உள்ளே கத்தரிப்பூ நிறம். அதற்கும் உள்ளே ராணியின் கன்னத்தில் சந்தனம் குழைத்துப் பூசின மாதிரி ஒரு மஞ்சள். மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் ஓடுமே, அந்த நிறங்கள் ஓடாமல் நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. வாரின சாணத்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இன்னாய்யா, ரூபாய உள்ள வெச்சிப் பூட்டிக்கினு கீற? எங்கனா ஓடிப்போவுமா?" என்றார்கள் மாமியார்.

"வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்க பாத்து, மார்க்கு போட்டு, அவங்களே மூடிக் குடுத்ததுங்க பெரியம்மா. இது யாரும் தேய்க்காத ரூபா. தானா வந்த நெறம். எழுபதுக்கு அறுபத்தி நாலு மார்க்கு."

மரத்துக்குக் காவல் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் மகன், டிகிரி முடித்துவிட்டு ரெண்டு வருஷமாக வேலை தேடுகிறவன், எழுந்து வந்தான்.

"எழுபதுக்கு எவனாவது மார்க்கு போடுவானா? நூத்துக்கு இல்ல போடணும்."

"அவங்க கணக்கு எழுபதுதானுங்க தம்பி."

"சரி, அறுபத்தி நாலுன்னா நல்ல மார்க்குதானே. அப்புறம் இன்னாத்துக்கு எங்களாட்டம் ரோட்டுல வந்து நிக்குது?"

காசுக்காரரே சிரித்துவிட்டார். என்ன விலை என்று கேட்டார் என் வீட்டுக்காரர். விற்கிற எண்ணமே இல்லை, ஆனால் மலையில் கைக்காசெல்லாம் போய்விட்டது, இப்போது ஊர் போய்ச் சேரவேண்டும், அதனால் கொடுக்கலாம் என்று சொல்லி ஒரு விலை சொன்னார். எங்கள் வீட்டில் எதையும் கிடாவில் கணக்குப் போட்டால்தான் புரியும். ஒன்றரைக் கிடா வந்தது.

"அழுக்கு ரூபாய்க்கு ஒன்னர கிடாவா?" மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் டப்பாவை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் வெள்ளி ரூபாய் என்றால் கட்டைவிரலால் சுண்டிவிட்டுக் காதில் வாங்குவார்கள். கணீரென்று இழுத்துக்கொண்டு போனால் நல்ல ரூபாய், டொக்கென்றால் ஈயம். வேறு சீட்டும் தெரியாது, மார்க்கும் தெரியாது. டப்பாவோ இறுக்கமாக இருந்தது. ஆட்டினாலும் அசையவில்லை.

"சத்தமே காணுமே. தொறந்து ஒரு தடவ சுண்டிக் காட்டுங்க."

"தொறந்தா சீட்டு செல்லாதுங்க."

"சுண்டாம எப்படிங்க நம்புறது?"

"சுண்டுனா எப்படிங்க விக்கறது?"

இதற்கு மேல் அந்தப் பேச்சு போகவே இல்லை. மறுநாள் முழுக்க இதையே ரெண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமியார் அதற்கு ஊமை ரூபாய் என்று பேர் வைத்தார்கள்.

எனக்கு வேண்டும் என்று இருந்தது. அதை எப்படிச் சொல்வது? வெளி ஆம்பிளையோடு மருமகள் நேராகப் பேசுவது எங்கள் பக்கத்தில் அப்போது வழக்கமில்லை. எனக்கோ வழக்கம் இருந்திருந்தாலும் வாய் வந்திருக்காது. சொல்லவேண்டியதை ஆட்டிடமோ மாட்டிடமோ சொல்வோம். கேட்கவேண்டியவர் கேட்டுக்கொள்வார். அதனால் தீனி போடுகிற சாக்கில் எருமையின் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏ எரும, அந்த நெறம் நாளைக்கே போயிட்டா இன்னாடி பண்றது?"

காசுக்காரர் விவரம் தெரிந்தவர். என் பக்கம் திரும்பாமல் எருமையைப் பார்த்தே சொன்னார். "போகாதுங்க எருமை. மூடுன டப்பாக்குள்ள இருக்கற வரைக்கும் நெறம் அப்படியே நிக்கும்."

"ஒன்னர கிடா ரொம்ப ஜாஸ்தின்னு எனக்குத் தோணுதுடி."

"எருமை சொன்னா கொஞ்சம் கொறைக்கலாமுங்க."

எருமை தலையை ஆட்டினது ஈக்காகத்தான். ஆனாலும் ஒன்றேகால் கிடாவுக்கு இறங்கி வந்தார்.

இதற்கிடையில் மாமியார் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடமும் ஒரு வெள்ளி ரூபாய் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்துத் தேய்த்து ராணிக்கு மூக்கே போயிருக்கும். அழுக்குக்குத்தான் காசு என்றால் அழுக்கை நாமே பண்ணிக்கொள்ளலாமே என்று அவித்த முட்டைக்கு நடுவே அதை வைத்து, பெருங்காயத்தையும் கூட வைத்து, துணியில் கட்டி அடுப்படியில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் பிரித்தால் வீடே நாறினது. ரூபாய் தோசைக்கல் மாதிரி இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்து, "இதுக்கு எவ்ளோ மார்க்கு?" என்றார்கள்.

அவர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ரெண்டு பக்கமும் பார்த்தார்.

"பெரியம்மா, நல்ல முயற்சிங்க. ஆனா ஒரு நூறு வருசம் அவசரப்பட்டுட்டீங்க."

"இன்னா வித்தியாசம்? அதுவும் கருப்பு, இதுவும் கருப்பு."

"இது மேல பூசுன கருப்பு. அதுல பாருங்க, ஒன்னு முடியற எடத்துல இன்னொன்னு தொடங்குது. இப்ப அசைக்கறேன், பாருங்க."

டப்பாவை வெயிலில் மெதுவாகச் சாய்த்தார். நிறங்களுக்கு அடியில் ஒரு வெளிச்சம் வண்டிச் சக்கரத்து ஆரம் மாதிரி கிளம்பி ராணியைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. தேய்த்த ரூபாயைச் சாய்த்தார், அது எங்கும் ஒரே மாதிரி மினுக்கினது, எதுவும் சுற்றவில்லை. மாமியாரின் ரூபாயைச் சாய்த்தார், அதில் வெளிச்சமே இல்லை. நான் எருமைக்குப் பின்னாலிருந்து மூன்றையும் பார்த்தேன். சுண்டிக் கேட்காவிட்டால் போகிறது, சாய்த்துப் பார்க்கலாம் என்று அப்போது மனசுக்குப் பட்டது. மாமியார் மட்டும், "வெயில்ல எது மின்னாது" என்று சொல்லிவிட்டுத் தன் ரூபாயைத் தேய்க்கப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் மெல்ல எடுத்தேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும், எருமையிடம் நான் பேசின பேச்சு ஊருக்கே கேட்டிருக்கும்.

"பைத்தியமா ஒனக்கு?" என்றார். "கம்மல் வாங்கு, வாணாங்கல. அவசரத்துக்கு ஒதவும். இது இன்னாத்துக்கு ஆவும்? அந்த ஆளே சொல்லிட்டாரு, நான் கேட்டேன். கள்ளக்குறிச்சியில இத ஒருத்தனும் வாங்க மாட்டானாம். அடகுக்கடையில கையால தொட மாட்டானாம். அடகு வெக்கக்கூட முடியாத பொருளு."

"நெசமாவா? அடகு புடிக்க மாட்டாங்களா?"

"புடிக்கவே மாட்டாங்க. ஒடச்சிக் குடுத்தா வெள்ளி வெல. அத்தோட சரி."

நான் குழம்பு ஊற்றினேன். அவர் என்னை மடக்கிவிட்டதாக நினைத்து நிம்மதியாகச் சாப்பிட்டார். எனக்கு அந்த நிமிஷம்தான் முடிவானது. கம்மல் வாங்கினால் அது மோட்டாருடையது. ஒருத்தரும் வாங்காத, அடகுக்குப் போகாத பொருள் என்றால் அது என்னை விட்டு எங்கே போகும்?

விடிந்ததும் ரம்பத்தோடு ஆட்கள் வந்து மரத்தை அறுக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் கிளை இழுக்கப் போனார், மாமியார் விறகு பொறுக்கப் போனார்கள். ரோடு விட்டால் காசுக்காரர் கிளம்பிவிடுவார். பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் மிளகாய்ப் பானையிலிருந்து பணத்தை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டு நேரே போய் அவர் முன்னால் நின்றுவிட்டேன். எருமை ஞாபகமே இல்லை.

"அந்த ரூபாவக் குடுங்க. ஒரு கிடா வெல தரேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

என் குரலை நானே அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. அவர் திடுக்கிட்டு, வழக்கம் கெடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கொட்டகைப் பக்கம் திரும்பி எருமையிடம் சொன்னார்.

"ஒன்னேகால்ன்னு நேத்துப் பேசுனோமுங்களே?"

"ரெண்டு நாள் சோறு போட்டிருக்கோம்," என்றேன். இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, சோற்றைச் சொல்லிக்காட்டினதற்கு. அவர் எருமையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நான் கொடுத்த நோட்டுகளை எண்ணத் தொடங்கினதும் அவருக்குத் தும்மல் வந்தது. மிளகாய்ப்பொடி. ஒரு நோட்டு, ஒரு தும்மல். கண்ணெல்லாம் தண்ணீர். தூரத்திலிருந்து பார்த்த மாமியார், காசைப் பிரிய மனசில்லாமல் அந்த மனுஷன் அழுகிறார் என்றே கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஒடைக்காதீங்க, வெயில்ல வெக்காதீங்க, தேய்க்கவே தேய்க்காதீங்க," என்று தும்மலுக்கு நடுவே சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். அப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் யார் வந்தாலும் டப்பாவை அவரே எடுத்துக் காட்ட ஆரம்பித்தார். வருகிற ஆள் அதைக் காதில் வைத்து ஆட்டுவார். "ஆட்டாதீங்க, அது வெளிநாட்டுல மார்க்கு போட்டது," என்பார் இவர். மிச்சக் கிடாப் பணம் அந்த மாசமே காயிலுக்குப் போனது. கார்த்திகையில் மோட்டார் மறுபடி எரிந்தது. அன்று காலை விளக்கு மாடத்தில் நான் வைத்திருந்த டப்பாவைக் காணோம். அடகுக்கடைக்குத்தான் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் அவரே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

"ஒடச்சினு வா, வெள்ளி வெலைக்கு வெச்சிக்கிறேன்றான் அந்தக் கடக்காரன். ஒடச்சா சீட்டு செல்லாது, இதுகூட ஒனக்குத் தெரியலையான்னு கேட்டுட்டு வந்துட்டேன்," என்றார், நான் ஏதோ அவரைக் குற்றம் சொன்ன மாதிரி. மோட்டாருக்கு அவர் கைக்கடிகாரம் போனது.

தை மாசம் பொங்கல் வந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் நான் வீடு மெழுகிக்கொண்டிருந்தேன். மாமியார் பாத்திரமெல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்தார்கள். விளக்கு, செம்பு, தட்டு எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்க, கடைசியில் என் டப்பாவும் இருந்தது. புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாகச் சேர்த்து நன்றாக அழுத்தித் தேய்த்திருந்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா அது மட்டும் இன்னாத்துக்கு அழுக்கா கெடக்கணும்? அதுவும் நம்ம வூட்டுப் பொருளுதானே," என்றார்கள். நம்ம வீட்டுப் பொருள் என்று அவர்கள் சொன்னது அதுதான் முதல் தடவை. ரூபாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. டப்பாதான் மார்கழிப் பனி மூடின மாதிரி வெளுத்துப்போய், உள்ளே ஒரு வட்டம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. நீலமும் இல்லை, கத்தரிப்பூவும் இல்லை. உடைத்துப் பார்க்கவும் வழியில்லை.

ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு அதை எடுத்துச் சாம்பல் நாற்றம் போகட்டும் என்று ஒரு சொம்புத் தண்ணீரில் அலசினேன். தண்ணீர் பட்டதும் பனி விலகினது. ராணி தெரிந்தார், ஓரத்து நீலம் தெரிந்தது, விளக்குக்குக் கீழே சாய்த்தால் அந்த வெளிச்சம் ஒரு சுற்று வந்தது. காயக் காய மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி நனைத்தேன். மறுபடி தெரிந்தது.

இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன். என்னிடம்தான் இருக்கிறது. விரலை நனைத்து டப்பாவின் மேல் தடவினால் கொஞ்ச நேரம் நிற்கும், அது எனக்குப் போதும்.

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். அறுபத்தி நாலா, அறுபத்தி மூணா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. சீட்டின் மேலேயும் கீறல், இங்கிலீஷும் எனக்குத் தெரியாது. மரம் வெட்டினது புரட்டாசியா ஆவணியா என்பதும் சரியாக ஞாபகமில்லை, சின்னசேலம் ரோட்டிலும் அன்றைக்கே வெட்டினார்களா என்பதும் தெரியாது. அப்போது அங்கே இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தப்பைத் திருத்திவிடுங்கள். காசு விவரம் தெரிந்தவர்கள் நேரில் வந்தாலும் காட்டுகிறேன், பார்க்கிறதுக்கு முன்னால் என்னிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.